செருப்பு கழன்றதே அவனுக்குத் தெரியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. சொந்த ஊர் கும்பகோணம். என் கணவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார், நான் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. ஒரே பையன். இங்கேயே பிறந்தவன், இப்போது 22 வயது. கல்லூரியில் மூன்று வருடம் முடித்தவன் நான்காம் வருடம் போகவில்லை. ஒரு ராக் இசைக்குழுவின் பின்னால் போய்விட்டான்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பின்னால் போகிறான். அந்தக் குழு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது. இவனும் இரண்டு நண்பர்களும் ஒரு பழைய வேனில் அதன் பின்னாலேயே போகிறார்கள். இன்றைக்கு பிட்ஸ்பர்க் என்றால் மூன்றாம் நாள் சிகாகோ, அப்புறம் கொலராடோ. இரவு வேனிலேயே தூக்கம். ஒரே குழுவை எதற்கு இருபது தடவை கேட்க வேண்டும் என்று கேட்டால், "ஒரு நாள் வாசிச்ச மாதிரி இன்னொரு நாள் வாசிக்க மாட்டாங்கம்மா" என்கிறான். ஆறு வயதிலிருந்து மிருதங்கம் கற்றுக்கொண்டவன். பதினைந்து வயதில் நிறுத்திவிட்டான். குழுவின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை, என் கவலையெல்லாம் பையனைப் பற்றித்தான்.

முதல் டூருக்குப் போகும்போது என்னுடைய பழைய தோசைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அரங்கத்துக்கு வெளியே பார்க்கிங்கில் ஒரு சந்தையே நடக்குமாம். அங்கே அடுப்பு வைத்து ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுட்டு விற்கிறான். சில நாள் தோசையும் வார்ப்பானாம். அந்தக் காசில்தான் அடுத்த ஊருக்கு டிக்கெட், பெட்ரோல் எல்லாம். வீட்டில் ஒரு டம்ளர் கழுவி வைக்காத பையன். அந்தப் படத்தை அனுப்பியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கிறான் படத்தில். கல்லூரியில் இருந்த மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் பத்து நாள் வீட்டுக்கு வந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டால் ரப்பர் பலூன்கள், ஆறேழு இருக்கும். பிறந்தநாளுக்கு ஊதுவோமே, அதைவிடக் கொஞ்சம் பெரியவை. அதோடு சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி. இன்னொரு பாக்கெட்டில் சின்ன பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாதி உடைந்த நீல மாத்திரை. தலைவலி மாத்திரை, ஃப்ரெண்ட் கொடுத்தான் என்றான். நான் நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அதே வாரம் இவர் பர்ஸிலிருந்து 200 டாலர் காணாமல் போனது.

ஒரு நாள் கோயிலுக்குப் போனோம். காரிலிருந்து இறங்கி நடக்கிறான், ஒரு செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கிறது. இவன் பாட்டுக்குப் பத்தடி போய்விட்டான். "டேய், செருப்பு" என்று கூப்பிட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தான். வீட்டிலும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். ராத்திரி விளக்கை அணைத்தால் தடுமாறுகிறான். நாள் கணக்கில் தூங்காமல் சுற்றுவதால் வந்த அசதி என்று நினைக்கிறேன். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மாறவில்லை. சுத்த சைவம், இன்றும் முட்டைகூடத் தொடுவதில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

என் கணவர் அவனோடு பேசி மூன்று மாதமாகிறது. இத்தனைக்கும் இவரே கல்லூரி நாட்களில் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கச்சேரி கச்சேரியாக சைக்கிளில் அலைந்தவர். அதைச் சொன்னால், "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று எரிந்து விழுகிறார். ஆகஸ்ட் கடைசியில் டூர் முடிந்து பையன் வீட்டுக்கு வருகிறான். அன்றைக்கு என் அண்ணா, இவருடைய தம்பி, குடும்ப நண்பர்கள் இரண்டு பேர் எல்லோரையும் வரவழைத்து, நடுவில் உட்காரவைத்து, "இன்றோடு முடித்துக்கொள்கிறாயா, இல்லை வெளியே போகிறாயா" என்று கேட்டுவிடப் போவதாகச் சொல்கிறார். ஒத்துவரவில்லை என்றால் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். ஊரில் என் மாமியார், ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

வாரம் ஒரு முறை எனக்கு போன் செய்கிறான். பெரும்பாலும் பணம் கேட்டு. அனுப்புகிறேன், இவருக்குத் தெரியாமல். நான் செய்வது சரியா? நாங்கள் எங்கே தவறினோம்? ஆகஸ்டில் அவன் வந்து நிற்கும்போது நான் என்ன பேச வேண்டும்?

– ஓர் அம்மா, நியூ ஜெர்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்தச் செருப்பு, அதைத்தான் முதலில் பேச வேண்டும். ஆகஸ்ட் வரை அது காத்திருக்காது.

பாக்கெட்டில் இருந்த பலூன்களும் வெள்ளிக் குப்பியும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவுக்கானவை. பல் மருத்துவர் மயக்கத்துக்குக் கொடுக்கிறாரே, சிரிப்பு வாயு, அதேதான். கிரீம் நுரைக்க வைக்கவும் சமையலறைகளில் பயன்படுகிறது. கச்சேரி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது பார்க்கிங்கில் பெரிய சிலிண்டர்களோடு நிற்பார்கள், பலூனில் அடைத்து விற்பார்கள். ஒரு பலூன் தரும் மயக்கம் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதனால்தான் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை.

அந்த வாயு நம் உடம்பில் இருக்கும் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்துவிடும். நரம்புகளின் மேல் ஓர் உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி. அந்த உறையை உடம்பு பராமரிக்க பி12 வேண்டும். அது இல்லாமல் போனால் முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புகள் முதலில் அடிபடும். கால் எங்கே இருக்கிறது, தரையைத் தொடுகிறதா என்று மூளைக்குச் சொல்கிறவை அவைதான். உள்ளங்கால் மரத்துப்போகும், பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கும். கண்ணால் பார்த்து நடக்கும்வரை சமாளிக்கலாம், இருட்டில் தடுமாறும். செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி நடந்தான், விளக்கை அணைத்தால் தடுமாறுகிறான் என்று நீங்கள் எழுதியது அசதி மாதிரி எனக்குப் படவில்லை. மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் பார்த்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு நிம்மதி தந்த விஷயம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. சுத்த சைவம் சாப்பிடும் நம் குடும்பங்களில் பாலும் தயிரும் இருந்தும் பலருக்கு பி12 இருப்பு குறைவுதான். கையிருப்பே குறைவாக உள்ள உடம்பில் இந்த வாயு போனால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கால் விழும். சைவத்தை விடச் சொல்லவில்லை. மருத்துவரிடம் "இவன் சைவம், நைட்ரஸ் எடுத்திருக்கிறான்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதாரண பி12 ரத்தப் பரிசோதனை சில நேரம் சரியாகவே காட்டும், அதை நம்பிவிடக் கூடாது. பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாயுவை நிறுத்தி பி12 ஊசி போட்டால், சீக்கிரம் தொடங்கியவர்களில் பலருக்கு நடை திரும்பிவிடுகிறது. தள்ளிப்போட்டால் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

அடுத்த வாரம் அவன் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நீங்கள் கூப்பிடுங்கள். பலூனைப் பற்றி விசாரணை வைக்காதீர்கள். "உன் கால் மரத்துப்போகுதாடா? கோயில்ல பார்த்தேன். அது நரம்பு சம்பந்தப்பட்டது, ஊசி போட்டா சரியாகும். இப்ப எந்த ஊர்ல இருக்கியோ அங்கேயே போய்க் காட்டு, காசு நான் கட்டறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் கணவரின் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை அவன் இருக்கலாம், அது இந்த நாட்டின் சட்டம். அவனும் தன் காலைப் பற்றி உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருப்பான். நான் பதினான்கு வருடம் கலிபோர்னியாவில் இந்த வேலை பார்த்தவள். "போதையை நிறுத்து" என்ற பேச்சுக்குக் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள், "உன் கால் ஏன் இப்படி இருக்கு" என்று கேட்டதும் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த நீல மாத்திரை. அது என்ன என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் கைமாறும் நீல மாத்திரை இந்த நாட்டில் பெரும்பாலும் போலி. வலி மாத்திரை மாதிரியே அச்சு வைத்து, ஃபென்டனில் என்ற செயற்கை வலி மருந்தைக் கலந்து செய்கிறார்கள். அது ஹெராயினைவிட 50 மடங்கு வீரியம் உள்ளது. 2022-ல் மட்டும் அமெரிக்காவில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் போதை மருந்து அளவு மீறி இறந்தார்கள், அதில் பெரும்பகுதி ஃபென்டனில். அவன் அடிமையாகிவிட்டானா, ஒரே ஒரு முறை வாங்கினானா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை, ஒரு மாத்திரையே போதும்.

அதனால், இப்படி அளவு மீறி மூச்சு அடங்குகிறவரை மீட்கும் நலாக்சோன் என்ற மூக்கு ஸ்ப்ரே இந்த வாரமே உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அவன் வேனிலும் இருக்க வேண்டும். 2023-லிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நியூ ஜெர்சியில் அரசின் இலவச நலாக்சோன் திட்டத்தில் சேர்ந்துள்ள மருந்துக்கடைகளில் 14 வயது நிரம்பிய யார் கேட்டாலும் இலவசம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு நின்று நின்று வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 911 கூப்பிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்கில் அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் இன்னொன்று. மூச்சு வந்த பிறகும் ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும், மருந்தின் வேலை தீர்ந்ததும் மறுபடி மூச்சு அடங்கலாம். போலீஸ் வந்துவிடுமே என்று பயந்து யாரும் 911 கூப்பிடாமல் இருந்துவிடக் கூடாது. இப்படி உதவி கேட்டுக் கூப்பிடுகிறவர்களையும் மயங்கிக் கிடப்பவரையும், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கிலிருந்து காப்பாற்ற 2013-லேயே உங்கள் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஸ்ப்ரேயை வீட்டில் வைத்தால் போதைக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா என்று உங்கள் கணவர் கேட்கலாம். தீயணைப்புக் கருவி வாங்கி வைத்தால் வீட்டைக் கொளுத்த அனுமதி கொடுத்ததாக யாரும் நினைப்பதில்லை.

சரி, இப்போது அவன் போன உலகத்தைப் பற்றிப் பேசலாம். நீங்கள் இருவரும் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனிடம் பேச முடியாது.

இப்படி ஒரு குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போகும் வழக்கம் கலிபோர்னியாவில் 1965-ல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற குழுவோடு வளர்ந்தது. முப்பது வருடத்தில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள், ஒன்றைப் போல ஒன்று கிடையாது. மேடையில் அப்போதைக்கப்போது தோன்றுவதை வாசிப்பார்கள். ஒரே பாட்டு ஒரு நாள் ஆறு நிமிடம், இன்னொரு நாள் அரை மணி நேரம். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் விட்டார்கள், 1984-லிருந்து அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். நாங்கள் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருந்தபோது, என்னிடம் வருகிற பிள்ளைகள் எதைப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே, அந்தக் குழுவின் வழியில் வந்த ஒரு கச்சேரிக்கு ஒரு நாள் போனேன். பலவண்ணச் சாயத்தில் தோய்த்த சட்டைகள், ரொட்டி சுடும் வாசனை. டிக்கெட் இல்லாத ஒரு பெண் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நின்றாள், அதற்கு யாராவது ஒரு டிக்கெட் தானமாகத் தாருங்கள் என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து அவள் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, நின்று நன்றிகூட வாங்காமல் போனார். எனக்குச் சாப்பிட்டாயா என்று முன்பின் தெரியாத மூன்று பேர் கேட்டார்கள். அதே சந்தையின் கடைசியில் சிலிண்டர் உஸ்ஸென்று சீறுகிற சத்தமும் கேட்டது. கீழே தரையெல்லாம் பிய்ந்த பலூன்கள்.

உங்கள் பையனைப் பிடித்து வைத்திருப்பது இந்த இரண்டில் எது என்று கேட்டால், முதலில் பிடித்தது தோசைக்கல் பக்கம்தான் என்பேன். கல்லூரியில் சிரிக்காதவன் அங்கே சிரிக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசியோடு வருகிறவனுக்கு இவன் கையால் சுட்டுக் கொடுக்கிறான், இவன் வரவில்லை என்றால் நாலு பேர் எங்கே என்று தேடுகிறார்கள். மதிப்பெண் கேட்காத ஓர் இடம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. போதை அந்த இடத்துக்குள் பிறகு வந்தது. பெற்றோர் பேசும்போது இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியச் சொல்கிறார்கள். பிள்ளை அந்த மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான், ஏனென்றால் அதற்குள்தான் அவனுக்குப் பிடித்ததும் இருக்கிறது.

மேடையில் இருந்தவர்களும் தப்பவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குழுவின் முதல் கீபோர்டு கலைஞர் ரான் மெக்கெர்னன் குடியால் உடல் கெட்டு 1973-ல் 27 வயதில் போனார். பின்னாளில் கீபோர்டு வாசித்த பிரென்ட் மிட்லண்ட் 1990-ல் போதை மருந்தால் போனார். கிதார் வாசித்த ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று, ஹெராயினிலிருந்து மீள்வதற்காகச் சேர்ந்திருந்த சிகிச்சை மையத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53. பையனுக்கு இது தெரிந்திருக்கும், நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

அவனுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது வேறொன்று. 1980-களில் அதே ரசிகர்களுக்குள், குடியையும் போதையையும் விட்டுவிட்ட சிலர் ஒன்று கூடினார்கள். பாட்டை விட அவர்களுக்கு மனமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று மறுபடி விழுந்துவிடவும் விருப்பமில்லை. அதனால் அரங்கத்துக்குள் ஒரு மேசை போட்டு, அடையாளத்துக்கு மஞ்சள் பலூன் கட்டினார்கள். வார்ஃப் ராட்ஸ் என்று பெயர். கச்சேரியின் இடைவேளையில் அந்தப் பலூனைப் பார்த்து வந்து வட்டமாக நின்று பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள், அப்புறம் திரும்பிப் போய்ப் பாட்டுக் கேட்பார்கள். இன்றும் நடக்கிறது. அதே வழியில் வந்த ஃபிஷ் என்ற ராக் குழுவின் ரசிகர்களுக்கு ஃபெல்லோஷிப் என்று இதே போல ஒன்று உண்டு. அந்த ஃபிஷ் குழுவின் தலைவர் ட்ரே அனஸ்டாசியோ 2006-ல் போதையில் கார் ஓட்டிக் கைதாகி, நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை எடுத்து மீண்டவர். இப்போது வெர்மான்டில் ஒரு மீட்பு மையமே தொடங்கியிருக்கிறார். என்னிடம் வந்த ஓர் இளைஞர், இப்போது நாற்பதைத் தாண்டியவர், சொன்னார்: "கச்சேரிக்குப் போகக் கூடாது என்று சொன்னவர்கள் எல்லோரிடமும் பொய் சொன்னேன். வா, எங்களோடு நின்று கேள் என்று சொன்னவர்களிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்." எல்லோருக்கும் இது ஒத்துவராது. விட்ட புதிதில் சில மாதங்களாவது அந்தப் பக்கமே போகாமல் இருப்பவர்களும் உண்டு, அதுவும் நல்லதுதான். ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாத பிள்ளைக்கு, போதையை விடுவது என்றால் நண்பர்கள், பாட்டு, தோசைக்கல் எல்லாவற்றையும் விடுவது என்றுதான் தோன்றும்.

உங்கள் கணவரின் ஆகஸ்ட் கூட்டம். அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது, பையனைப் பிடித்து நிறுத்த அவரால் முடியாமல் போய்விட்டது. ஆனால் இந்தக் கூட்டம் வேண்டாம். குடிப்பழக்கத்துக்கு உதவி வேண்டாம் என்று மறுத்தவர்களின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 1999-ல் வெளிவந்தது. இப்படி எல்லோரும் சேர்ந்து நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், பல குடும்பங்களால் அந்தக் கூட்டத்தை நடத்தவே முடியவில்லை. கிராஃப்ட் என்ற முறையில் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்தபோது 64 சதவீதம் பேர் வந்தார்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் வளர்த்தெடுத்த முறை அது. அடிப்படை எளிது. அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில் உங்கள் நேரத்தையும் அன்பையும் கொட்டுங்கள், போதையில் இருக்கும்போது சண்டை போடாமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள், போதையால் வந்த நஷ்டத்தை நீங்கள் போய் ஈடுகட்டாதீர்கள். அவனே சலித்துப்போய் "முடியலம்மா" என்று சொல்லும் நிமிடத்துக்கு மருத்துவர் எண்ணைக் கையில் தயாராக வைத்திருங்கள். அந்த நிமிடம் வரும், வந்தால் அரை நாள் தாங்காது.

பணமும் இதற்குள்தான் வருகிறது. கையில் பணமாக அனுப்புவதை நிறுத்துங்கள். மருத்துவச் செலவு, போன் கட்டணம், வீட்டுக்கு வர டிக்கெட், இந்த மூன்றையும் நேரடியாக நீங்களே கட்டுங்கள். எப்போது கேட்டாலும் இந்த மூன்றும் உண்டு என்று அவனுக்குத் தெரியட்டும். கணவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். உங்களுக்குள் இருக்கும் ரகசியத்தைப் பிள்ளைகள் எளிதில் மோப்பம் பிடித்துவிடுவார்கள், இரண்டு பேரிடமும் இரண்டு கதை சொல்லத் தொடங்குவார்கள். அந்த 200 டாலரை மறந்தது போல நடிக்கவும் வேண்டாம். "அப்பா பர்ஸ்ல எடுத்தது எனக்குத் தெரியும், அது எனக்கு வலிச்சுது" என்று ஒரு முறை சொல்லுங்கள், அதோடு விடுங்கள்.

மாத்திரைப் பழக்கம் உறுதியானால் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. மாத்திரையை நிறுத்தும்போது உடம்பு முறுக்கி, வாந்தி எடுத்துத் துடிப்பதை அடக்கும், சாகும் ஆபத்தையும் பெரிய அளவில் குறைக்கும். முன்பு அதை எழுத மருத்துவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது, 2023-லிருந்து அது இல்லை. உங்கள் குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம். பையன் வயது வந்தவன் என்பதால் அவன் சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் மருத்துவரிடம் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1-800-662-4357 என்ற அரசின் இலவச எண்ணில் இரவு பகல் எப்போதும் கேட்கலாம்.

சென்னைக்குக் கூட்டிப்போய்ச் சேர்ப்பதைப் பற்றி. சென்னையில் நல்ல சிகிச்சை இல்லாமல் இல்லை, 1980-லிருந்து டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை செய்துவரும் வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஏமாற்றிக் கூட்டிப்போய் அடைத்துவைப்பது வேறு. சில மாதம் போதை மருந்தே இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. கோபத்தோடு திரும்பி வந்து பழைய அளவையே எடுக்கும் முதல் நாள்தான் மிக ஆபத்தான நாள். கல்யாணம் பற்றி உங்கள் மாமியாரிடம் நீங்கள் அன்பாகச் சொல்லிக்கொள்ளலாம், என் பதில் ஒரே சொல்: வேண்டாம். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக்கக் கூடாது.

எங்கே தவறினோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நான் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. உங்களிடம் தோசைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை வீட்டை வெறுத்துப் போகவில்லை.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். "அதுவும் இதுவும் ஒண்ணா" என்று கேட்டாரே, போதையில் ஒன்றில்லை, பாட்டில் ஒன்றுதான். ஒரே ராகத்தை ஒரே வித்வான் நேற்று பாடியது போல இன்று பாட மாட்டார் என்பதற்காகத்தானே அவர் சைக்கிள் மிதித்தார்? மிருதங்கம் கற்ற பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் பேசும் முதல் வார்த்தை போதையைப் பற்றியதாக இருக்க வேண்டாம். நேற்று ராத்திரி எந்தப் பாட்டை நீளமாக வாசித்தார்கள் என்று ஒரு செய்தி அனுப்பட்டும். பதில் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

ஆகஸ்டில் அவன் வந்து நிற்கும்போது வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருங்கள். முதல் நாள் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை மருத்துவரிடம் நேரம் வாங்கி வையுங்கள், காலுக்காக. மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்ற இரண்டு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போய்ப் பதற்றத்தில் மறந்துவிடும். அதற்கு முன்பே வேறு ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்